முதல் தேர்வும் முன்யோசனையும்

அமெரிக்கப் பேஸ்பால் குழுக்கள் ஆண்டுதோறும் பள்ளி, கல்லூரி இளைஞர்களை வரிசை முறைப்படி தேர்ந்தெடுக்கின்றன. 2012-இல் முதல் தேர்வுக்குரியது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். அது பரிசன்று, முந்தைய ஆண்டில் 106 ஆட்டங்களில் தோற்றுக் கடைநிலையில் நின்றமைக்குக் கிடைத்த ஆறுதல்.

அவ்வாண்டு புதிய விதியொன்று வந்தது. முதற் சுற்றுகளின் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு தொகை குறிக்கப்பெற்றது. ஒருவரிடம் மிஞ்சியதை மற்றொருவருக்கு அளிக்கலாம். முதலிடத்துக்கு 72 இலட்சம் டாலர். ஹூஸ்டன் குழுவோ, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த 17 வயதுக் கார்லோஸ் கொர்ரேயாவை 48 இலட்சத்துக்கு இசைவித்தது. பல்கலைக்கழகம் புகவிருந்த பந்தெறியாளர் லான்ஸ் மெக்கல்லர்ஸை 41-ஆம் தேர்வில் அழைத்து, மிச்சத்தின் துணையால் 25 இலட்சம் அளித்தது. அஃது அவ்விடத்துக்குரிய தொகையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

2017-இல் உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் முதற்பந்தெறிந்தவர் மெக்கல்லர்ஸ்; உடன் ஆடியவர் கொர்ரேயா. வாகை ஹூஸ்டனுக்கே. எதிரணியின் சைகைகளை அக்குழு களவாக அறிந்தது 2019-இல் வெளிப்பட, அவ்வெற்றியில் மாசு படிந்தது உண்மையே. ஆயினும் ஐந்தாண்டுக்கு முன் இட்ட கணக்கில் களவில்லை. கைக்கு வந்த முதல் வாய்ப்பை முற்றும் செலவிடாது, அதனைக்கொண்டே இரண்டாம் வாய்ப்பையும் தேடிக்கொண்ட நிதானம் அது.