வெறுங்காணி என்று ஒன்றில்லை

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)





அபிவிருத்தித் திட்டங்களுக்கு இடம் தெரிவு செய்யும்போது வனஜீவராசிகளை எப்படிப் பாதுகாப்பது என்று பேசும்படி சங்கம் என்னைக் கேட்டுக்கொண்டது. கல்முனையில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்களுக்குத் தெரிந்தது கடலும் வயலும் கடைத்தெருவும்தான். பிறகு, குசினியில் நான் கட்டி வைக்கும் குப்பைப் பை எங்கே போய்ச் சேர்கிறது என்று யோசித்தேன். பேசுவதற்கு விடயம் அங்கேயே இருந்தது.

ஒலுவிலுக்கு மேற்கே, அஷ்ரப் நகரை அண்டிய பள்ளக்காட்டை உங்களிற் பலர் அறிவீர்கள். சுனாமிக்குப் பிந்திய காலத்தில், 2008ஆம் ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் அங்கே ஒரு திண்மக் கழிவு நிலையம் அமைக்கப்பட்டது. எமது கரையோர ஊர்களின் குப்பை அங்கே போகத் தொடங்கியது. அது யானைகள் நடமாடும் பாதைக்கு அருகிலுள்ள இடம். யானை உள்ளே வராதபடி மின்சார வேலி இருந்தது. 2014இல் மின்னல் தாக்கி வேலி பழுதடைந்தது. அதன் பின்னர் அது திருத்தப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் அந்தக் குப்பையைத் தின்று சுமார் 20 யானைகள் இறந்ததாக அப்போது செய்தி வெளியானது. பிரேத பரிசோதனை செய்த மிருக வைத்தியர்கள் வயிற்றினுள் கண்டவை பொலித்தீன், உணவு சுற்றிய தாள், பிளாஸ்டிக், தண்ணீர் ஆகியவைதான். யானை வழமையாக உண்ணும் புல்லோ இலையோ காணப்படவில்லை.

வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு சுமார் 150 கிலோ உணவு வேண்டும். அதன் மோப்ப சக்தி மிகக் கூர்மையானது. மிஞ்சிய சோறும் பழத்தோலும் சேர்ந்து புளிக்கும் வாசம் தூரத்திலிருந்தே அதை இழுத்து வரும். சோற்றை நாம் ஷொப்பிங் பேக்கில் கட்டித்தானே எறிகிறோம்? அதற்குப் பையைப் பிரிக்கத் தெரியாது, பையோடு விழுங்குகிறது. சமிபாடடையாத பொலித்தீன் குடலை அடைத்துக்கொள்ளும். பிறகு தின்னவும் முடியாது, தின்றது இறங்கவும் முடியாது. வயிறு நிறைந்தபடியே அது பட்டினியால் சாகிறது.

துன்பம் யானையோடு நிற்கவில்லை. குப்பைக்கு வந்து பழகிய யானை பக்கத்து வயலுக்குள்ளும் இறங்குகிறது. வேளாண்மை விளைந்து நிற்கும் நேரத்தில் இரவிரவாக யானைவெடியோடு காவல் இருப்பவர்கள் எமது அயலூர் ஏழை விவசாயிகள். 2011இல் நடந்த கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். இரண்டு பக்கமும் ஜனாஸாதான்.

இதில் கெட்ட எண்ணம் எவருக்கும் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். எமது கரையோரம் ஒடுங்கிய நிலம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே வீட்டுக்கு வீடு மதில். குப்பைக்கு ஓர் இடம் வேண்டும். ஊருக்குள் எவரும் விடமாட்டார்கள். ஆகவே யாருக்கும் வேண்டாத, "சும்மா கிடக்கிற" காணியைத் தேடினார்கள். பகலில் போய்ப் பார்த்தால் அது சும்மா கிடக்கிற காணிதான். இரவிலோ வரட்சிக் காலத்திலோ போயிருந்தால் யாருடைய பாதை என்று தெரிந்திருக்கும். வேலி போடப் பணம் இருந்தது. பத்து வருடத்துக்கு அந்த வேலியைப் பராமரிக்கப் போவது யார் என்பதற்குத்தான் விடை இருக்கவில்லை.

இடத் தெரிவு பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகமும் எம் கண்முன்னே இருக்கிறது. அலைதடுப்புச் சுவர் மணலின் ஓட்டத்தை மறித்தது. வாயில் மணலால் மூடியது. வடக்கே கரை அரித்து, தென்னையும் காணியும் கடலுக்குள் போயின.

மன்னாரைப் பாருங்கள். அங்கே காற்று நல்லது, காற்றாலை மின்சாரமும் நல்லது. 2020இல் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி மின்நிலையம் தொடங்கியது. ஆனால் மத்திய ஆசியாவிலிருந்து இலட்சக்கணக்கில் வலசை வரும் பறவைகளின் பாதையும் மன்னார்தான். அடுத்து வரவிருந்த அதானி நிறுவனத்தின் திட்டத்தை எதிர்த்து 2024இல் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மின்கட்டண இழுபறியும் அதற்குக் காரணம் என்பதை மறைக்கக்கூடாது. எனினும், நல்ல திட்டத்துக்கும் பிழையான இடம் உண்டு என்பதை நாடே பேசியது.

சட்டம் எமக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் செய்த திருத்தத்தின்படி, குறித்துரைக்கப்பட்ட பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவை. அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அந்த 30 நாட்களில் எம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? எமது பழைய மாணவிகள் பிரதேச செயலகங்களிலும் சபைகளிலும் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். மூன்று கேள்விகளை நாம் கேட்கலாம். இந்தக் காணியை இரவிலும் வரட்சியிலும் பாவிப்பது யார்? வேறு எந்த இடங்களைப் பார்த்தீர்கள்? உதவிப் பணம் முடிந்த பிறகு பராமரிப்புச் செலவு யாருடையது?

எமது பிள்ளைகள் ஓதப் பழகும் சிறிய ஸூறாக்களில் ஒன்று யானையின் பெயரால் அமைந்தது. நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டையே யானை ஆண்டு என்கிறோம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் செய்தியும் மத்ரஸாவில் கேட்டதுதான். நான் யானையைக் கட்டிப்போடவில்லை. நான் கட்டியது பையை மட்டுந்தான். ஆனால் அந்தப் பை போன வழியை யோசித்த பிறகு எனக்கு நிம்மதி இல்லை.

எனவே சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, எமது வீடுகளில் இன்றிலிருந்து இரண்டு வாளி வைப்போம். சோறும் மரக்கறித் தோலும் ஒன்றில், பொலித்தீன் மற்றதில். உணவு வாசம் இல்லாத பொலித்தீனைத் தேடி யானை வராது. மற்றது, இந்த நூற்றாண்டின் நினைவாக, எமது பகுதிக்கு வரும் திட்ட அறிக்கைகளைப் படித்து உரிய காலத்தில் எழுத்தில் கருத்துச் சமர்ப்பிக்க ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை அமைப்போம். வாசிக்கவும் எழுதவும் இந்தப் பாடசாலைதான் எமக்குக் கற்றுத் தந்தது.

அல்லாஹ் எமது முயற்சியைப் பொருந்திக்கொள்வானாக. வஸ்ஸலாம்.