வாளேந்தாத வீரம்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

அருகன் திருவடி போற்றி. 

பழங்காப்பியங்களைப் புதிதாகச் சொல்லும் நூல்கள் இன்று பெருகி வருகின்றன. அவற்றுள் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகின்றது. துன்பத்தைப் பொறுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் வாளைக் கொடுத்து, அவளைப் போர்மங்கையாக்குவதே அப்போக்கு. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த அமீஷ் திரிபாதியின் ஆங்கிலப் புதினம் சீதையை மிதிலையின் போர்வீராங்கனையாகவே காட்டிற்று. இத்தகைய நூல்களை நம் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பிப் படிக்கின்றனர். படித்தபின், பழைய சீதை ஏன் அழுதுகொண்டே இருந்தாள் என்று வினவுகின்றனர். அவ்வினாவிற்குச் சமண இல்லங்கள் தரத்தக்க விடை யாது?

வினா நியாயமானது. பொறுமை என்னும் பெயரால் பெண்களை வாய்மூடியிருக்கச் செய்தற்கு இக்கதைகள் நெடுங்காலம் மேற்கோளாயின. கதையை மாற்றிச் சொல்வதும் பிழையன்று. சமணப் புலவர்களே அதனைச் செய்தவர்கள். விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய பௌமசரியத்தில், சிரேணிக மன்னன் கௌதம கணதரரிடம் ஐயம் எழுப்புகின்றான். கும்பகர்ணன் ஆறு திங்கள் உறங்கினான் என்பதும், குரங்குகள் வலிமிக்க அரக்கரை வென்றன என்பதும் நம்பத்தக்கனவோ என்பது அவன் ஐயம். அதற்கு விடையாகவே இராமகாதை அங்கே விரிகின்றது. ஆகவே, கதை மாறியதா என்பதை விட, எதன்பொருட்டு மாறியது என்று ஆராய்வதே தக்கது.

7ஆம் நூற்றாண்டில் இரவிசேனாசாரியார் வடமொழியில் இயற்றிய பதுமபுராணத்துச் சீதையைக் காண்போம். இராவணன், தன்னை விரும்பாத பெண்ணைத் தீண்டுவதில்லை என்று விரதம் பூண்டவன். எனவே சீதையின் இசைவைப் பெற அவன் அச்சுறுத்துகின்றான், இறைஞ்சுகின்றான். அவளோ இசையவில்லை. இலங்கை வேந்தனின் படைவலிமை அனைத்தும் ஒரு பெண்ணின் மறுப்பின்முன் செயலற்று நின்றது.

அயோத்திக்கு மீண்டபின் ஊரார் பழிக்கு அஞ்சி இராமன் அவளைக் காட்டிற்கு அனுப்புகின்றான். கருவுற்றிருந்த அவளைக் காட்டில் விட்டுத் திரும்பும் சேனாபதியிடம் அவள் ஒரு செய்தி சொல்லியனுப்புகின்றாள். ஊரார் பேச்சிற்கு அஞ்சி என்னைக் கைவிட்டது போல நற்காட்சியைக் கைவிட்டுவிட வேண்டா என்பது அதன் கருத்து. இதனை வெறும் புலம்பல் என்பார் உளரோ? அரசன் செய்த பிழை இன்னதென்று அவன் படைத்தலைவன் வாயிலாகவே அவனுக்கு உணர்த்திய சொல் அது.

அவள் மைந்தர் இலவணனும் அங்குசனும் வளர்ந்து, அன்னைக்கு நேர்ந்த அநீதியை அறிந்து, அயோத்தியின்மேல் படையெடுக்கின்றனர். அப்போர் தந்தையையும் மைந்தரையும் ஒன்றுசேர்த்தது. ஆயினும் தாயின்மேல் இருந்த பழியை அது துடைக்கவில்லை. அதன் பின்னரும் அவள் தூய்மைக்குச் சான்று கேட்கப்பட்டது. அவள் தீப்புகுகின்றாள், தீக்குழி நீர்நிலையாகின்றது. இராமன் பொறுத்தருளுமாறு வேண்டி, அரண்மனைக்கு அழைக்கின்றான். எவர்மீதும் சினமில்லை என்கின்றாள் சீதை. ஆனால் அவள் திரும்பிச் செல்லவில்லை. தன் கூந்தலைத் தன் கையாலேயே களைந்து, தீக்கை பெற்று ஆரியாங்கனையாகின்றாள். இராமன் மூர்ச்சித்து விழுகின்றான்.

தமிழ்ச் சமணர் இல்லங்களில் ஓதப்பெறும் ஸ்ரீபுராணம், மகாபுராண மரபைத் தழுவியது. அம்மரபில் சீதையைக் காட்டிற்கு அனுப்பும் பகுதியும் தீப்புகும் பகுதியும் இல்லை. எனினும் அங்கும் அவள் துறவறமே மேற்கொள்கின்றாள். கதை வேறுபடினும் முடிவு ஒன்றே.

இனி, தமிழில் தோன்றிய நீலகேசியைக் கருதுக. இங்கே கதை எதிர்த்திசையில் செல்கின்றது. பழையனூர் நீலி அடங்கியிருந்தவள் அல்லள், அச்சுறுத்தும் பேய். காளிக்கு உயிர்ப்பலி இடுவதை முனிச்சந்திரர் தடுத்தமையால், அவரை வெருட்ட வந்தாள். அவர் அசையாமை கண்டு அவர் மாணவியானாள். பின்னர்க் குண்டலகேசி, ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் முதலானோரைச் சொற்போரில் வென்றாள். போர்க்குணத்தைப் புலவர் அழித்துவிடவில்லை. அதனை அறிவின்வழி திருப்பினார். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டில் உரையுடன் பதிப்பித்தமையால் அந்நூல் இன்று நம் கைக்கு எட்டுகின்றது. அது நம் அலமாரிகளில் மட்டும் உறங்குதல் தகுமோ?

வாளே கூடாதென்று சமணம் கூறிற்று எனப் பிழைபட உணர்தலும் வேண்டா. இல்லறத்தார் முற்றும் விலக்கவேண்டுவது, கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கற்ப இம்சை. பகைவரிடமிருந்து தம்மையும் பிறரையும் காக்க நேரும் விரோதி இம்சை அவர்க்கு முழுமையாக விலக்கப்படவில்லை. எனவே ஒரு பெண் தற்காப்புக் கலை பயில்வதை அறத்தின் பெயரால் தடுத்தற்கில்லை. ஆயின், அடிப்பவளே வலியவள், அடிக்காதவள் கோழை என்னும் எண்ணம் பிள்ளைகள் உள்ளத்தில் வேரூன்றுமாயின், அகிம்சை அவர்களுக்கு ஆற்றாதவர் அறமாகவே தோன்றும். இது ஒரு பக்கத்து இடர்.

மறுபக்கத்து இடர் பெரியோர்களிடம் உள்ளது. சீதையின் பொறுமையை மட்டும் எடுத்துரைத்து, அவள் மறுத்ததையும், தவற்றைச் சுட்டியதையும், திரும்பாமல் நடந்ததையும் சொல்லாது விடுவோமாயின், கதையைச் சிதைத்தவர் நாமே ஆவோம். அநீதியைப் பொறுத்துக்கொண்டு அதனுள்ளேயே இருப்பது பொறுமையன்று. பகை கொள்ளாமல் அதனின்று வெளியேறுவதும் பொறுமையே. இதனைக் கதையில் போற்றிவிட்டு, இல்லத்தில் ஒரு மகள் தனக்கு நேர்ந்த தீங்கினை எடுத்துரைக்கும்போது அடங்கியிரு என்று கூறுவது அறமாகாது.

ஜினர் என்னும் சொல்லுக்கு வென்றவர் என்பதே பொருள். இன்று நாம் பிறந்தநாள் கொண்டாடும் பெருமானுக்கு மகாவீரர் என்றே பெயர். அப்பெயரில் வீரம் உண்டு. அவர் கையில் வாள் இல்லை. பிள்ளைகள் சீதையைப்பற்றி மீண்டும் வினவும்போது, அவள் கூந்தலைக் களைந்து நடந்த அந்த முடிவுரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழுதாளா என்று கேட்டால், அழுதாள் என்றும் சொல்லுங்கள். அழுதபின் என்ன செய்தாள் என்பதை அவர்களே கேட்பார்கள்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!