மலையூருக்குச் செல்லும் விருந்தினர்

டில்லி, லக்னோ, கான்பூர் முதலிய வடநாட்டு நகரங்களில் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறிய நம்மவர், இமயம் என்றதும் பத்ரிநாத யாத்திரையையே எண்ணுவர். அந்த யாத்திரையில் ஓரிரவு தங்கிக் கடந்து போகும் சிற்றூர் ஜோஷிமட். ஆதிசங்கரர் நிறுவியதாகப் போற்றப்படும் ஜோதிர்மடம் இங்கேதான் உள்ளது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுவே என்று வைணவப் பெரியோர் கொள்வர். எனினும், மலையில் நடக்கவும் பனியில் விளையாடவும் விரும்பி அங்கே செல்வோரை முன்னிட்டே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

ரிஷிகேசத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில், 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மலைச்சரிவில் அமைந்தது இவ்வூர். கீழே விஷ்ணுபிரயாகையில் தவுளிகங்கை அலக்நந்தாவோடு கலக்கிறது. மேலே அவுலி என்னும் பனிச்சரிவு. 2011ஆம் ஆண்டில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. அவுலிக்கும் மேலே கோர்சன் புல்வெளி. இத்தகைய மலைப் புல்வெளியை அந்நாட்டார் 'புக்யால்' என்பர். வானம் தெளிந்த காலையில் அங்கு நின்றால் 7,816 மீட்டர் உயர்ந்த நந்தாதேவிச் சிகரம் கண்ணுக்கு நேரே தோன்றும். மழைக்காலத்தில், கோவிந்தகாட்டுக்கு அப்பால் மலையேறி, பூக்களின் பள்ளத்தாக்கைக் காணலாம்.

இவ்வளவு அழகும் எதன்மீது நிற்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜோஷிமட் கெட்டியான பாறையின்மேல் எழுந்த ஊரன்று. முன்னொரு காலத்தில் மலை சரிந்து குவிந்த கல்லும் மணலும் களிமண்ணுமே அதன் அடித்தளம். மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் உள்ளே இறங்கினால் அந்த மண் இளகும். ஆறோ அடிவாரத்தை ஓயாமல் அரிக்கிறது. 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு இதனை ஆராய்ந்து, பெருங்கட்டடங்கள் கூடா, சரிவிலுள்ள பாறைகளைப் பெயர்த்தலும் மரங்களை வெட்டுதலும் கூடா, நீர் வடியத் தக்க கால்வாய்கள் வேண்டும் என்று எச்சரித்தது. அதன் பின்னரும் விடுதிகள் அடுக்கடுக்காக எழுந்தன, சாலைகள் அகன்றன, நீர்மின் திட்டத்துக்கு மலை குடையப்பட்டது.

2023 ஜனவரியில் ஊர் வெடித்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையான 12 நாட்களில் நிலம் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஊரிலிருந்து அவுலிக்குச் சென்ற நான்கு கிலோமீட்டர்க் கம்பிவட ஊர்தி நிறுத்தப்பட்டது. இரு விடுதிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தமையால் இடிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கடுங்குளிரில் வீடு துறந்து வெளியேறின. சுரங்கமே காரணம் என்பார் ஒரு சாரார். வடிகாலின்மை என்பார் வேறொரு சாரார். மண் தாங்கும் அளவுக்குமேல் சுமை ஏறியது என்பதை மறுப்பார் அரியர்.

அச்சுமையில் விருந்தினராகிய நமக்கும் பங்கு உண்டு. அறைதோறும் வெந்நீர்க் குழாய், வாயில்வரை மோட்டார், விடுமுறை நாளில் ஒருங்கே திரளும் கூட்டம் இவற்றை விரும்புவோர் நாமல்லவா?

அதற்காகப் போகாமல் இருந்துவிடுவதும் முறையாகாது. வழிகாட்டியும் மூட்டை சுமப்பவரும் தேநீர்க் கடைக்காரரும் நம் வரவை நம்பியே பிழைக்கின்றனர். ஆகவே செல்லுங்கள். ஆனால் சுமையாகச் செல்லாதீர்கள். அடுக்குமாடி விடுதியைத் தேடாது, ஊரார் இல்லத்தில் தங்குங்கள். ஒரே நாளில் ஓடித் திரும்பாமல், நான்கு நாள் இருந்து காலால் நடந்து பாருங்கள். உள்ளூர் வழிகாட்டியை உடன் அழைத்துச் செல்லுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. அது சிக்கனத்துக்காகச் சொன்னது. ஜோஷிமட்டில் அதுவே உயிர்க்காப்பு. அங்கே வீணாக வடியும் ஒரு குடம் நீரும் பிறர் வீட்டு அடித்தளத்தைத் தேடிச் செல்லும். வீட்டுக்காரர் மனம் நோகாமல் உண்டு, உறங்கி, விடைபெறுவதே நல்ல விருந்தினருக்கு இலக்கணம். மலைக்கும் அந்த மரியாதையை நாம் செலுத்துவோமாக.