ஏரிக்கு யார் காவல்?



சென்னையில் உள்ள கொரட்டூர் ஏரி தனி ஏரி அல்ல. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் இங்கே வரும். இது நிரம்பினால் ரெட்டேரிக்குப் போகும். பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. நிலத்தின் வாட்டம் அறிந்தவர்கள் செய்த வேலை இது.

நிலத்தின் வாட்டத்தை ரோமானியர்களும் நன்றாக அறிந்திருந்தார்கள். இன்றைய பிரான்சில் உள்ள நீம் நகருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தூரம் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் ஏறக்குறைய 12 மீட்டர்தான்! கிலோமீட்டருக்குக் கால் மீட்டர். கால்வாயின் பெரும்பகுதி மண்ணுக்கடியில், மேலே மூடியபடி ஓடியது. குப்பை விழ வழியில்லை. ஸ்பெயினில் மெரிடா நகருக்கு அருகே அவர்கள் கட்டிய புரோசர்பினா அணையைப் பார்த்தால் நம்மூர்க்காரருக்கு அது ஏரிக்கரையாகத்தான் தெரியும். தண்ணீர்ப் பக்கம் கற்சுவர், அதன் பின்னால் மண் கரை. இன்றும் அங்கே தண்ணீர் நிற்கிறது.

ஆனால் எனக்கு வியப்பு கட்டுமானத்தில் இல்லை, பராமரிப்பில்தான். கி.பி. 97-இல் ரோம் நகரின் தண்ணீர்ப் பொறுப்புக்கு வந்தவர் ஃப்ரான்டினஸ். அவர் கையில் 700 பேர் கொண்ட அடிமைப் படை இருந்தது. குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் திருடியவர்களைப் பற்றி அவர் எழுதிவைத்ததைப் படித்தால், நம் காலத்து அதிகாரி எழுதியதோ என்று தோன்றும்.

நம் பக்கமும் குறைவில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைக் கவனித்த குழுவான ஏரி வாரியம் பற்றிச் சொல்கின்றன. குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 360 நாள் பொறுப்பு வகித்தார்கள்.

இனி கொரட்டூருக்குத் திரும்புவோம். அங்கே ஏரி நீர் பாய்ந்த வயல்கள் வீடுகளாயின. மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்க உழவர் இல்லை. கரையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லாமல் போயிற்று. மழைநீர் வரவேண்டிய கால்வாயில் கழிவுநீரும் ஆலைக் கழிவும் வந்து சேர்ந்தன. கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வாரியம் செய்த வேலையைக் குடியிருப்போர் கையில் எடுத்தார்கள் என்றே நான் இதைப் பார்க்கிறேன். ரோமுக்கு அதிகாரம் உள்ள ஆள் இருந்தார். இவர்களுக்கு மனுதான் இருக்கிறது.

ஏரிக்கரையில் நடைப்பயிற்சி போகும் நேயர்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருநாள் வரத்துக் கால்வாயோரமும் நடந்து பாருங்கள். கழிவுநீர் கலக்கும் இடம் கண்ணில் பட்டால் படம் எடுத்து, மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் எழுதுங்கள்.