மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக்குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பல்லாவரத்தில் மறைமலை அடிகளாரின் பெயர் தாங்கிய அரசு மேல்நிலைப் பள்ளியை நம்மில் பலர் அறிவோம். நாகப்பட்டினத்தில் பிறந்த அவர், தந்தையார் மறைந்ததால் நான்காம் படிவத்தோடு, அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட நேர்ந்தது. ஆயினும் அவருக்குத் தமிழ் கற்பிக்கப் புத்தகக் கடை நடத்திய நாராயணசாமிப் பிள்ளை இருந்தார். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1911 முதல் பல்லாவரத்தில் வாழ்ந்து 1950இல் மறைந்தார்.

ஒன்பதாம் வகுப்பில் தடைப்படும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அத்தகைய ஆசான் கிடைப்பாரா? அவர்களுக்கு இருக்கும் ஒரே ஆதரவு அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிதான்.

இதனை உணராமல் நான் செய்த தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கணவரை இழந்த சகோதரி ஒருவர், அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த தம் மகளைக் குறித்து என்னிடம் யோசனை கேட்டார். தனியார் பள்ளியில் சேர்த்தால் ஆங்கிலம் நன்கு வரும் என்றேன். நால்வரிடம் பணமும் திரட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண் நன்கு படித்து நீட் தேர்விலும் தகுதி பெற்றாள். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்குரிய பட்டியலில் அவளுக்கு இடமில்லை. அவளுடைய தாயார் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே என்னை இன்றும் வருத்துகிறது.

விவரத்தைக் கேளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழ்நாட்டுச் சட்டம் 2020இல் ஒதுக்கியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. 2007 முதல் நமக்குள்ள 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இந்த இடங்களுக்குள்ளும் பொருந்தும். உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாறினாலும் 7.5 விழுக்காட்டுத் தகுதி பறிபோகக்கூடும்.

அரசுப் பள்ளியில் குறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவற்றைப் பேசுவதற்குரிய இடம் தேநீர்க் கடையன்று; பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். அந்த நாற்காலிகளில் நம் தாய்மார்கள் அமர வேண்டாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வாங்குமுன் ஜமாஅத் அலுவலகத்திற்கு ஒருமுறை வாருங்கள். பள்ளியின் பெற்றோர் கூட்டத்திற்குத் தவறாது செல்லுங்கள். தந்தையை இழந்த பிள்ளை எவரும் பத்தாம் வகுப்போடு கடை வேலைக்குச் செல்லாதிருக்க, பைத்துல்மாலில் ஒரு பங்கைக் கல்விக்கென ஒதுக்க இச்சபை ஒப்புதல் அளியுங்கள்.

ஒரு பெண்ணுக்கு என்னால் நேர்ந்த இழப்பு, இன்ஷா அல்லாஹ், இன்னொரு பிள்ளைக்கு நேராதிருக்கட்டும். வஸ்ஸலாம்.