விதைநெல்



உண்கலத்தில் விழும் ஒரு பிடிச் சோறு எத்தனை பெயர்களைக் கடந்து வந்தது! விதை முளையாயிற்று, முளை நாற்றாயிற்று, நாற்று பயிராய்க் கதிர் ஈன்றது, கதிர் நெல்லாயிற்று, நெல் உமி நீங்கி அரிசியாயிற்று, அரிசி உலையேறிச் சோறாயிற்று. இடையில் கழிந்தவற்றுக்கும் பெயருண்டு: பதர், உமி, தவிடு, நொய், வைக்கோல். அத்தனையும் கையில் மண் ஒட்டியவர் வாயில் பிறந்த சொற்கள். ஆங்கிலேயன் பயிரையும் அரிசியையும் சோற்றையும் ‘ரைசு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறான். அது அவன் குற்றமன்று. அவன் நிலத்தில் விளைந்தது கோதுமை. நெல் விளையும் மண்ணில் பிறந்தவன் உணவு விடுதியில் அமர்ந்து ‘ரைசு’ கேட்பதுதான் வியப்பு!

மாந்த இனம் தோன்றி ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகள் ஆகின்றன. உழவுக்குரியவை கடைசிப் பத்தாயிரம் ஆண்டுகளே, சற்று முன்பின்னாக. மேற்காசியாவில் கோதுமையும் வாற்கோதுமையும், சீனத்து யாங்சி ஆற்றுப் பகுதியில் நெல்லும் மாந்தன் கைக்குப் பழகின. காட்டுநெல் முற்றியதும் தன் மணிகளைத் தானே உதிர்த்துவிடும். அதன் இனம் பெருகும் வழி அது. உதிராமல் தாளில் நின்ற மணிகளே அறுத்தவர் கைக்கு மிகுதியாய் வந்தன. அவையே மீண்டும் விதைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாய் இவ்வாறு நடந்து, உதிரா நெல் உருவாயிற்று. மாந்தன் விதைத்தாலன்றி அது பரவாது. அது விளைந்தாலன்றி மாந்தன் உலை கொதியாது.

அறுத்ததையெல்லாம் உண்டு தீர்க்காமல், பசித்த வயிற்றோடு ஒரு பங்கை அடுத்த பருவத்துக்கென ஒதுக்கினானே, அன்றே நாகரிகம் தொடங்கிற்று. ஒதுக்கியதைக் காக்கக் குதிர் வேண்டும். குதிருக்கு வீடு வேண்டும். அளக்க மரக்காலும், அளந்ததைப் பதிக்கக் குறியும் வேண்டும். சுமேரியரின் மிகப் பழைய களிமண் ஏடுகளில் பெரும்பாலானவை கணக்குகளே. பாட்டும் கதையும் பின்னர் வந்தவை.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில், முதுமக்கள் தாழியுள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதைத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. மறைந்தவருக்கும் நெல் இட்டு வழியனுப்பிய மக்கள் அவர்கள்.

அந்த நெல்லின் வழிவந்தோர் கையில் இன்று விதை உள்ளதா? வெள்ளத்தில் நிற்கும் காட்டுயானம், உவர் நிலத்திலும் விளையும் குழியடிச்சான், மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை என ஊருக்கொரு நெல் இருந்தது. 1966-இல் பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல் வந்தது. பஞ்சத்தை விரட்டியதில் அதற்குப் பெரும்பங்குண்டு; அதைப் பழிப்பது நன்றி கொல்வதாகும். ஆயினும் புதிய வகைகள் பரவப் பரவ, ஊர் நெல்கள் ஒவ்வொன்றாய்க் குதிரைவிட்டு மறைந்தன. கலப்பின விதையோ மறு விதைப்பில் தன் இயல்பு மாறிப்போகும்; அதை நம்பியவர் ஆண்டுதோறும் கடையில் விதை வாங்கியாக வேண்டும். விதையைப் பிறரிடம் வாங்குபவர் உழவரா, உழைப்பாளி மட்டுமா?

2018-இல் மறைந்த நெல் செயராமன், அழியவிருந்த 174 நெல்வகைகளைத் தேடித் திரட்டினார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், வந்த உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் கிடைக்கும். விலை இல்லை. அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே உடன்பாடு. திரும்பிய நான்கு கிலோ வேறிருவர் வயலுக்குப் போயிற்று.