கைப்பேசிப் பணமும் கைம்பெண்ணின் காசும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் காணிக்கை திரட்டுவது பற்றிப் பங்குப் பேரவையில் பேசியபோது, கோயில் வாசலில் கியூ.ஆர். அட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் போதும், இனி உண்டியலே வேண்டாம் என்று இளைஞர் சிலர் யோசனை கூறினர். வெளியூரில் பிழைக்கும் நம் பிள்ளைகள் அங்கிருந்தே அனுப்பலாம்; சில்லறை எண்ணும் வேலை மிச்சம்; கணக்கும் தவறாது. நியாயமான யோசனைதான். ஆயினும் இதைக் குறித்து நாம் சற்று நிதானமாகச் சிந்திப்பது நல்லது.

யு.பி.ஐ. முறை 2016 ஏப்ரலில் அறிமுகமாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்றார்கள். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் அந்த நோட்டுகளே. வங்கி வாசலில் கால்கடுக்க நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த நெருக்கடிக்குப் பிறகுதான் கைப்பேசிப் பணம் நம் பக்கம் எட்டிப் பார்த்தது. இன்று செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை விற்பவரும் அட்டை வைத்திருக்கிறார். நூறு நாள் வேலைக் கூலி நேரே வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியபின், நடுவில் கைவைப்பாரும் குறைந்தனர். நன்மையை நன்மையென்றே சொல்லுவோம்.

ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தபோது நிகழ்ந்தது என்ன? நமக்கு அடுத்துள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மின்சாரம் போயிற்று, பல ஊர்களில் கைப்பேசியும் ஊமையாயிற்று. அத்தகைய நாளில் பால் வாங்க வல்லவர், சுருக்குப் பையில் பத்து ரூபாய் வைத்திருக்கும் பாட்டிதான்! ரொக்கப் பணத்தை ஏறக்குறைய மறந்தேவிட்ட சுவீடன் நாட்டிலும், அதே 2024இல் வீடுதோறும் அனுப்பிய அரசுக் கையேடு, ஒரு வாரத்துக்காவது ரொக்கம் வைத்திருக்கும்படி சொல்கிறது.

அந்தச் சுருக்குப் பையை அவிழ்ப்பதும் அவிழ்க்காததும் பாட்டியின் உரிமை. எழுத்தறியாத அவள் கைப்பேசியையும் இரகசிய எண்ணையும் பேரனிடம் ஒப்படைத்தால், அந்த உரிமை யாருடையது? (பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை; கேட்பவன் திருடன். ஏமாந்துபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.)

நம் மனத்தை அதிகம் வருத்துவது வேறொன்று. எருசலேம் ஆலயத்தில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை நம் ஆண்டவர் கண்டுகொண்டார். இன்றைய கடைகளிலுள்ள ஒலிப்பெட்டி அங்கே இருந்திருந்தால், "இரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று ஊர் கேட்கக் கத்தியிருக்கும். அவளும் மறுவாரம் வந்திருக்க மாட்டாள். போதாததற்கு, அட்டைவழி வரும் பணத்தோடு பெயரும் வருகிறது. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. மறைவாய்த் தருமம் செய்யச் சொன்னவருடைய சந்நிதியில் இது தகுமா?

ஆகவே அட்டையும் வைப்போம். அது பங்கின் வங்கிக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கும். தனி மனிதர் எவருடைய கணக்கோடும் அல்ல. அட்டைமேல் வேறு அட்டையை ஒட்டி ஏமாற்றுவோர் உண்டு; ஆதலால் கோயில்பிள்ளை காலைதோறும் அதைச் சரிபார்ப்பார். ஒலிப்பெட்டி வேண்டாம். யூபிலி மலரில் நன்கொடையாளர் பெயர்கள் தொகையின்றி அச்சாகும். உண்டியல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஞாயிறுதோறும் காணிக்கைப் பையும் உங்கள் வரிசைக்கு வரும்.